சோபாஜுக்கு ஒரு மரண அறிவித்தல்

எண்பதுகளில் பிரெஞ்சு நாட்டு லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் உயிரோடு நடமாடிய அத்தனை பேருக்கும் இரங்கற்பா பாடி முடித்த மனிதர் எங்கள் கல்வெட்டண்ணை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் செத்தால், முப்பத்தோராம் நாள் அவரைப் புகழ்ந்து பாட்டெழுதிப் புத்தகமாக அடித்துக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் கல்வெட்டு. அண்ணைக்கு ஆள் சாகும்வரை காத்திருக்கப் பொறுமை கிடையாது, அவ்வளவுதான்.

பகலில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவுவார். வாய் மட்டும் சும்மா இராது. எங்கள் தெருச் சாப்பாட்டுக்கடைச் சாம்பாருக்கு அவர் பாடிய கல்வெட்டில், 'தன்னந்தனியே நீந்தி வந்த பருப்பே, கரை காணாமல் மாண்டாயோ' என்று ஒரு வரி. கடை முதலாளி நெஞ்சு விம்மி அதைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டார். சாப்பிட வந்தவர்களுக்கெல்லாம் புரையேறியது.

"நேரை ஏசிப்போட்டுப் போகலாமே அண்ணை?" என்று கேட்டேன்.

"ஏசினால் அவன் திருப்பி ஏசுவான். தூக்கிப் பிடிச்சுப் பார், தானாக் கீழை பார்ப்பான். சின்ன விசயத்துக்குப் பெரிய மேளம் அடிக்கவேணும். அடிக்கிறவன் சிரிக்கக் கூடாது. சிரிச்சியோ, அது வெறும் பகிடி."

அவர் சிரித்து நான் கண்டதேயில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கோ துக்கம் சொல்ல வந்தவர் மாதிரியே இருக்கும்.

அந்த வித்தை எனக்கே தேவைப்பட்டது பனி கொட்டிய ஒரு மாரி காலத்தில். நாங்கள் ஒரு பட்டாளமாகக் குடியிருந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தவர் மாஸ்ரர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். வீட்டைச் சூடாக்க ஒரு சோபாஜ் இருந்தது. அதைத் திருகும் குமிழைக் கழற்றி மாஸ்ரர் தன் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தார். குளிப்பதற்குக் கூட அந்தக் கோட்டைக் கழற்றினாரா என்று எனக்குச் சந்தேகம்.

அடுத்த கிழமை என் மனைவி கைக்குழந்தையோடு ஊரிலிருந்து வருகிறாள். எங்களுக்கென்று ஒதுக்கிய சின்ன அறையில் தண்ணீர்ப் போத்தலே உறைந்துவிடும் போலிருந்தது. மாஸ்ரரிடம் கெஞ்சினேன்.

"குளிர் நரம்புக்கு நல்லது தம்பி. வெள்ளைக்காரப் பிள்ளையள் பனிக்குள்ளை உருண்டு விளையாடுதுகள், நீர் பார்க்கேல்லையோ?"

அடக் கோதாரி! அண்ணையிடம் ஓடினேன். அவர் கோப்பை கழுவிய கையைத் துடைத்துவிட்டுப் பேனையை எடுத்தார். மறுநாள் பலசரக்குக் கடைக் கண்ணாடியில் கறுப்புக் கரை போட்ட ஓர் அறிவித்தல் தொங்கியது.

'மாஸ்ரர் வீட்டில் வாழ்ந்துவந்த திருவாளர் சோபாஜ் அவர்கள் காலமானார். இரும்பு மேனியர், குளிர்ந்த உள்ளத்தர். வாழ்நாளில் எவரையும் சுட்டறியாதவர். அன்னாரை மாஸ்ரர் தம் சட்டைப்பைக்கு மிக அருகில் வைத்துப் போற்றினார். உற்றார், உறவினர், நண்பர்கள் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்.'

வாசித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் சனம் கறுப்புக் கரையைக் கண்டால் இரண்டே விசயம்தான் தேடும்: எந்த வீடு, எப்போது போகலாம். மத்தியானத்துக்குள் செய்தி சார்செல், செவ்ரான் என்று புறநகரெல்லாம் போய்விட்டது.

கதவைத் திறந்த மாஸ்ரரைச் சார்செல் அக்கா ஒருத்தி கட்டிப் பிடித்து ஒப்பாரி வைத்தா. செத்தது யாரென்று தெரியாமலே அப்படி உருக்கமாக அழ அவவால்தான் முடியும். பின்னால் சட்டிகளோடு ஒரு கூட்டம். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதே, அதனால் சோறும் கறியும் வந்துவிட்டன.

"ஆர் செத்தது? என்ன கதைக்கிறியள்?" என்று மாஸ்ரர் கத்தினார்.

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தா. வாயிலிருந்து புகை பறந்தது. சோபாஜைத் தொட்டுப் பார்த்தா.

"பிரேதம் பழுதாகாமல் இருக்கத்தானே இதை நிப்பாட்டி வைச்சிருக்கிறியள்? நல்ல வேலை செய்தியள் மாஸ்ரர். எங்கை கிடத்தியிருக்கு?"

"இல்லையக்கா," என்றேன், பல் கிட்டியபடி. "இஞ்சை எப்பவும் இப்பிடித்தான். அடுத்த கிழமை என்ரை கைப்பிள்ளையும் இதுக்குள்ளைதான் வரப்போகுது."

"இதுக்குள்ளையோ? பச்சைப் பிள்ளையோ?"

வீடு முழுவதும் மாஸ்ரரைத் திரும்பிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து அண்ணை முன்னால் வந்து, தொண்டையைச் செருமி, அறிவித்தலை முதலிலிருந்து கடைசிவரை கணீரென்று வாசித்தார். ஒரு மூலையில் ஒருவர் களுக்கென்றார். பிறகு கூரை பிய்ந்தது. எனக்கோ சிரிப்பு வரவில்லை. மாஸ்ரர் வெளியே போ என்று ஒரு வார்த்தை சொன்னால், பிள்ளையோடு எந்தத் தெருவில் நிற்பேன்?

மாஸ்ரரின் கை கோட்டுப் பைக்குள் போனது. குமிழை எடுத்தார், மாட்டினார், திருகினார். சோபாஜ் களகளவென்று சத்தம் போட்டது.

"உயிர்த்தெழுந்திட்டார்!" என்று ஒரு மன்னார்க்காரர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"விசரங்கள்!" என்ற மாஸ்ரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் கோட்டைக் கழற்றிவிட்டு, கொண்டுவந்த சோற்றை ஒரு வெட்டு வெட்டினோம்.

என் மகள் வந்தாள். அண்ணை பார்க்க வந்தார். சோபாஜில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துச் சூடாக்கி, அவள் பாதங்களைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணை, பிள்ளைக்கு ஒரு பாட்டும் இல்லையோ?" என்று சீண்டினேன்.

"சத்தம் போடாதை," என்று கிசுகிசுத்தார். "பிள்ளை நித்திரையடா."