கால்வாய்க்கு ஒரு செயலாளர்

ஃபைல் வைத்திருக்கும் ஆட்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ஒரு பணிவு வந்துவிடும். ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தவன் நான். படித்தவரை எப்படி அடையாளம் காண்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் நானாகவே ஓர் அளவு வைத்துக்கொண்டேன். கையில் ஒரு ஃபைல் இருந்தால் படித்தவர், இரண்டு இருந்தால் அதிகாரி. மருதப்பன் கையில் நான்கு இருந்தன.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. மலேசியாவின் மலைப்பகுதியில், பிரிஞ்சாங்கில் ஒரு காய்கறி மொத்த வியாபாரியிடம் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பா எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், அம்மா கொழுந்து வெட்டப் போவார். தங்கை புனிதா பள்ளியின் கடைசிப் படியான ஆறாம் படிவத்தில் எஸ்.டி.பி.எம். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தொழிலாளர் லயத்தில் அந்தப் பரீட்சை வரைக்கும் போன முதல் ஆள் அவள்தான்.

முதல் பருவத்தில் எல்லாப் பாடத்திலும் தேறியவள் ஒன்றில் மட்டும் கவிழ்ந்துவிட்டாள். அது பொதுப்பாடத் தாள், மலாயில் பெங்காஜியான் அம் என்பார்கள். அரசாங்கம், அரசியலமைப்புச் சட்டம், நாடாளுமன்றம், எந்த அதிகாரம் மத்திய அரசுக்கு, எது மாநிலத்துக்கு என்பதெல்லாம் அந்தத் தாளில் வரும். மறுதேர்வில் அதைத் தூக்கி நிறுத்தாவிட்டால் பல்கலைக்கழகம் என்ற பேச்சே கிடையாது. அம்மாவோ, மகள் பல்கலைக்கழகம் போகிறாள் என்று கொழுந்துக் காடு முழுக்க ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார்.

டியூஷன் வைத்தே ஆகவேண்டும். ஈப்போவில் நல்ல வகுப்பு இருந்தது, ஆனால் மலையிறங்கிப் போய்வர ஒரு முழு நாள் போய்விடும் என்று அப்பா விடவில்லை. இணைய வகுப்பு என்றால் எங்கள் லயத்தில் மேகம் கூடினாலே சிக்னல் காணாமல் போகும் (அங்கே மேகம் கூடாத நாள் எது?). புனிதா அழ ஆரம்பித்தாள். நான் நெஞ்சை நிமிர்த்தி, "அண்ணன் இருக்கேன்ல, நான் பாத்துக்கிறேன்" என்றேன். என் வாழ்க்கையில் நான் பட்ட பாதி அவமானம் இந்த ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்கியதுதான்.

மறுநாள் பிரிஞ்சாங் போட்டோஸ்டேட் கடைக்கு முதலாளியின் ரசீதுகளை நகல் எடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நாற்பது வயதுக்காரர் ஒருவர் நான்கு தடித்த ஃபைல்களோடு நின்று, எந்தத் தாளுக்கு எத்தனை பிரதி, எது எந்த இலாகாவுக்கு என்று கடைப் பெண்ணுக்கு வகுப்பே எடுத்துக்கொண்டிருந்தார். சட்டப் பிரிவுகளை எண்ணோடு சொன்னார். மூச்சுவிடாமல் மலாய் பேசினார். அவருடைய பூட்ஸில் சேறு அப்பியிருந்ததை நானும் பார்த்தேன். ஆராய்ச்சிக்குப் போய்வந்திருப்பார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தயங்கித் தயங்கி என் தங்கையின் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, எனக்குத் தெரியாத இலாகா இந்தக் கவர்மெண்ட்லயே இல்ல லா. ஞாயித்துக்கெழம வர்றேன்" என்றார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. நான்கு ஃபைல் வைத்திருப்பவரிடம் அப்படிக் கேட்பது அவமரியாதை என்று நினைத்தேன்.

உண்மையில் மருதப்பன் கம்போங் ராஜா பக்கம் சாமந்தி பயிரிடுகிறவர். அவருடைய தோட்டத்தின் பின்பக்கம் ஒரு கால்வாய் ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான், அது தூர்ந்துபோய்ப் பத்து வருஷமாக ஓடவில்லை. மழை பெய்தால் தண்ணீர் பாத்திக்குள் ஏறிவிடும். அந்தக் கால்வாயைத் தூர்வாருவது எந்த அரசாங்கத்தின் வேலை என்று கேட்டுத்தான் பத்து வருஷமாக மனு எழுதிக்கொண்டிருந்தார். ஃபைல் நான்கும் கால்வாய் ஒன்றைப் பற்றியவை. இது தெரியாமல், "லெக்சரர் கெடைச்சிட்டாரு" என்று வீட்டில் அறிவித்தேன். அம்மா வடை சுட்டார்.

வகுப்பு நடந்தது. நாடாளுமன்றம் என்று தொடங்குவார், அரை மணி நேரத்தில் கால்வாய்க்கு வந்துவிடுவார். நீதித்துறை என்று தொடங்கினாலும் அங்கேதான் முடியும். மூன்றாவது வாரம் புனிதா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய், "அண்ணே, இவரு வாத்தியாரே இல்ல. இவருக்கு ஏதோ கேஸ் இருக்கு" என்றாள். உதாரணம் சொல்லிப் புரியவைக்கிறார், உனக்குத்தான் புத்தி போதாது என்று நான் அதட்டினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். நான்காவது வாரம் அவர் குறிப்புகள் என்று சொல்லி நான்கு ஃபைலையும் அவளிடமே விட்டுப் போனார். புத்தகத்தோடு சேர்த்து அவள் அதையும் ராவெல்லாம் படித்தாள். நான் வெற்றிப் புன்னகையோடு தூங்கினேன்.

பிறகு ஒருநாள், ஏட்டுப் படிப்பு மட்டும் போதாது, அரசாங்கத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றார் மருதப்பன். ஒரு அலுவலகத்தில் அதிகாரியைச் சந்திக்க நேரம் வாங்கியிருக்கிறாராம். எனக்குப் புல்லரித்தது. புனிதாவைப் பள்ளிச் சீருடை போட்டுக்கொள்ளச் சொன்னதும் நான்தான். அப்பாவின் கல்யாண டையை எடுத்து நானே கட்டிக்கொண்டேன் (முடிச்சு தொப்புளுக்கு அருகில் வந்து நின்றது). முதலாளியிடம் கெஞ்சி லோரியை வாங்கி, முட்டைக்கோஸ் வாடையோடு மூவரும் கிளம்பினோம். பள்ளி விடுமுறை வேறு. கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க நின்ற கார்களுக்குப் பின்னால் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்தோம். அந்நேரம் முழுக்க அந்தச் சாலை யாருடையது என்று அவர் பாடம் நடத்தினார்.

அலுவலக வாசலில் காவலாளி எழுந்து நின்று மருதப்பனைப் பெயர் சொல்லி நலம் விசாரித்தார். எவ்வளவு மரியாதை என்று புனிதாவுக்குக் கண் காட்டினேன். முகப்பிலிருந்த பெண் எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போனார். அதுவும் மரியாதை என்றே எண்ணினேன்.

உள்ளே ஒரு பெண் அதிகாரி, நல்ல பொறுமைசாலி, எங்களை உட்காரச் சொன்னார். மருதப்பன் ஒரு புதிய மனுவை நீட்டினார். அதிகாரி அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "குழுவின் செயலாளர் நீங்கள்தானே?" என்று மலாயில் கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். பூந்தோட்டக்காரர்கள் கால்வாய்க் குழு என்று தலைப்பு. தலைவர் மருதப்பன். செயலாளர் என்ற இடத்தில் என் பெயர், அடையாள அட்டையில் இருப்பதுபோல முழுசாக. பாதிக்கப்பட்ட மாணவி என்ற இடத்தில் என் தங்கை. சீருடையோடு ஆதாரமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த இடத்தில் புத்தியுள்ளவன், எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லியிருப்பான். நான் டை கட்டியிருந்தேனே. டை கட்டியவன் விழிக்கலாமா? தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன். புனிதாவின் புத்தகத்தில் முதல் பக்கத்தை மட்டும் ஒருமுறை புரட்டியது நினைவுக்கு வந்தது. மேசையைத் தட்டி, எனக்குத் தெரிந்த மலாயில் முழங்கினேன். இந்தக் கால்வாயை உடனடியாகத் தூர்வாரும்படி அரசியலமைப்புச் சட்டத்தின் பெர்காரா சத்து, அதாவது முதல் விதி, கட்டளையிடுகிறது என்றேன்.

அதிகாரி சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. மலாயில் ஐயா என்று விளித்து மிக மென்மையாகச் சொன்னார்: "என்சிக், முதல் விதி இந்த நாட்டின் பெயர் மலேசியா என்று சொல்கிறது. அதில் எங்களுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை."

நான் உட்கார்ந்தேன். நாற்காலி கொஞ்சம் தள்ளியிருந்ததால் பாதிதான் உட்கார முடிந்தது. காது இரண்டும் கொதித்தன. அப்போது பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. புனிதா எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

நிலம் மாநிலத்தின் பட்டியலில் வருகிறது என்றாள். வடிகால் விஷயமோ மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் பொதுவான பட்டியலில் இருக்கிறது, அதனால் யாரைக் கேட்பது என்று சாருக்குக் குழப்பம் வந்தது நியாயம்தான் என்றாள். பிறகு கூடவே கொண்டுவந்திருந்த ஃபைல்களில் இரண்டாவதைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். அது மருதப்பன் வருஷா வருஷம் புதுப்பிக்கிற நில உரிமம். ஆறாவது நிபந்தனையை விரல் வைத்து வாசித்தாள். நிலத்தின் எல்லைக்குள் ஓடும் கால்வாயை உரிமம் வைத்திருப்பவரே துப்புரவாக வைத்துக்கொள்ள வேண்டும். அதே ஃபைலில் இருந்த வரைபடத்தின்படி கால்வாய் எல்லைக்குள்தான் இருந்தது. அந்த நான்கு ஃபைலையும் முழுசாகப் படித்த ஒரே ஆள் அவள்தான்.

அதிகாரி அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு மருதப்பனை விட்டுவிட்டு அவளைப் பார்த்து, எந்தப் பள்ளி, அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று விசாரித்தார். எனக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க டையால் துடைத்தேன். டை நீளமாக இருந்ததால் சௌகரியமாக இருந்தது.

இரண்டு நாளில், ஆசிரியப் பொறுப்பிலிருந்து விலகுவதாக மருதப்பனிடமிருந்து கடிதம் வந்தது. நகல்கள் அப்பாவுக்கு, அம்மாவுக்கு, எனக்கு, கோயில் தலைவருக்கு. அம்மா அழுதுவிட்டார், ஒரு படித்த மனுஷனை மனம் நோகவைத்துவிட்டோமே என்று. படித்த மனுஷி வீட்டிலேயே இருக்கிறாள் என்று அப்பா சொன்னார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல.

எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு மண்வெட்டியோடு கம்போங் ராஜாவுக்குப் போனேன். இருவரும் சேர்ந்து ஒன்றரை நாளில் கால்வாயைத் தூர்வாரிவிட்டோம். தண்ணீர் சலசலவென்று போனது. மருதப்பன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "பத்து வருஷம் தம்பி" என்றார். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, "இனிமே நான் என்னத்தச் சொல்லி டவுனுக்குப் போறது?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சாமந்தி ஒரு கட்டு கொடுத்தனுப்பினார்.

மறுதேர்வில் மத்திய, மாநில அதிகாரப் பங்கீடு பற்றிக் கேள்வி வந்தது. புனிதா கால்வாயை வைத்தே இரண்டு பக்கம் எழுதினாளாம். ஏ கிடைத்தது. நான் கண்டுபிடித்த வாத்தியாரால்தான் கிடைத்தது என்று சில காலம் சொல்லிப் பார்த்தேன், வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் எவனாவது தெரியாத விஷயத்தில் முழங்கினால், என் பிள்ளைகள் உட்பட எல்லாரும் மேசையைத் தட்டி "பெர்காரா சத்து" என்பார்கள். என் மனைவிக்கு இதைத் திருமணத்துக்கு முன்பே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய கஷ்டம், அந்த மனுவில் ஏறிய என் பெயர் இறங்கவே இல்லை. வருஷா வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால், வடிகால் பற்றிய கூட்டத்துக்கு வரும்படி 'செயலாளர்' என்று போட்டு எனக்கு அரசாங்கக் கடிதம் வரும். நானும் போய் உட்கார்ந்து, பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு வாய் திறக்காமல் வருவேன். இந்த வருஷக் கடிதத்தில் கையெழுத்து மாறியிருந்தது. வேறு ஊர்களில் வேலை பார்த்துவிட்டு எங்கள் மலைக்கே மாற்றலாகி வந்திருக்கிற புதிய அதிகாரியின் கையெழுத்து. அதற்குக் கீழே பேனாவால், தமிழில், ஒரு வரி:

"அண்ணே, டை கட்டிக்கிட்டு வந்துறாத. புனிதா."