கம்பி இல்லாத ரோடு

ஜீப்பின் மூக்கும் காரின் மூக்கும் ஒரு முழ இடைவெளியில் வந்து நின்றன. பைலி பிரேக்கை மிதித்த காலை எடுக்கவே இல்லை. எடுத்தால் கார் தானாக உருண்டு போய் ஜீப்பின் மேல் சாய்ந்துவிடும் என்று நடுங்கினான். ஹேண்ட் பிரேக் என்று ஒன்று இருப்பதே அந்த நேரத்தில் மறந்துபோய்விட்டது.

இடது பக்கம் பள்ளம். எவ்வளவு ஆழம் என்று பார்க்க அவன் தலையைத் திருப்பவில்லை. வலது பக்கம் பாறை. இரண்டுக்கும் நடுவே ஒரு வண்டி மட்டும் போகிற அகலத்தில் ஏலத்தோட்டத்து ரோடு.

"அப்பச்சா, ரிவர்ஸ் எடுங்க. மேல சிலுவை வெச்ச குருசடிகிட்ட ரோடு அகலமா இருக்கு. ஒதுங்கிக்கலாம்" என்றாள் பின் சீட்டிலிருந்து மகள் லிஜி.

லிஜிக்கு நிறைமாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். புறப்படும்போதே சம்பந்தியம்மாள் வாசலில் நின்று இழுத்தாள்: "வாடகை ஜீப்பு சொல்லட்டுமா? தையக்காரர் இப்பத்தானே ஓட்டப் படிச்சாரு..." பைலிக்கு ரோஷம் வந்துவிட்டது. "லைசென்ஸ் என்ன பலாமரத்துலயா காய்க்குது? கவர்மென்டு பார்த்துக் குடுத்தது!" என்று சொல்லித்தான் காரைக் கிளப்பினான்.

பைலிக்கு ரிவர்ஸ் வராது என்று சொல்ல முடியாது. வரும். ஆனால் கம்பி வேண்டும்.

டிரைவிங் டெஸ்டில் தரையில் நட்டு வைத்த கம்பிகளுக்கு நடுவே பின்பக்கமாகவே போய் 'எச்' போட வேண்டும். ஓட்டக் கற்றுக்கொடுத்த மத்தாயி ஆசான் அதற்கு ஒரு வித்தை வைத்திருந்தார். பின் கண்ணாடியில் சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார். "ஸ்டிக்கரும் மூணாவது கம்பியும் ஒண்ணா தெரியறப்போ ஸ்டீரிங்கை வலது பக்கம் முழுசா ஒடிங்க. கம்பி மறைஞ்சதும் நேராக்குங்க. தரையப் பார்க்காதீங்க, குழம்பிடும்." பைலி பார்க்கவில்லை. டெஸ்ட் நடந்த அன்று கம்பிகளைத் தவிர வேறு எதையுமே அவன் பார்க்கவில்லை. தூரத்தில் குடைக்குக் கீழே இன்ஸ்பெக்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் வட்டமா நீளமா என்றுகூட இன்றுவரை தெரியாது. விசில் சத்தம் கேட்டது. பாஸ்.

இங்கே ரோட்டில் ஒரு கம்பிகூட இல்லை.

ஜீப்பை ஓட்டி வந்தவன் மங்கி கேப் போட்டு, கழுத்தைச் சுற்றி மப்ளர் கட்டி, கண்ணும் மீசையும் மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி நிம்மதியாகப் பலாக்காய் வறுவல் கொறித்துக்கொண்டிருந்தாள்.

பைலி தலையை வெளியே நீட்டினான். "சேட்டா, நீங்க கொஞ்சம் பின்னால எடுத்தீங்கன்னா நாங்க போயிடுவோம். உள்ள பிள்ளைத்தாச்சி இருக்கா."

"மலை ரோட்டுல ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி" என்றான் மங்கி கேப்காரன். "இறங்கற வண்டி ஒதுங்கணும். இதெல்லாம் படிச்சுட்டுத்தானே லைசென்ஸ் எடுத்தீங்க?"

பைலி படித்திருந்தான். பரீட்சையில் இந்தக் கேள்விக்குச் சரியான பதிலும் போட்டிருந்தான். சட்டம் தெரிந்தவனிடம் என்ன வாதாடுவது? கடைசியில் ஹேண்ட் பிரேக் நினைவுக்கு வந்தது. அதை இழுத்துவிட்டு, இஞ்சினை அணைத்து, இறங்கி, பானட்டைத் திறந்து வைத்தான்.

"என்னாச்சு இச்சாயா?" என்றாள் மனைவி திரேசம்மா.

"இஞ்சின்ல ஏதோ கோளாறு" என்றான்.

அந்த மலையில் "ஐயோ" என்று அலறினால்கூட ஆள் வராது. பானட்டைத் திறந்தால் போதும். ஏலக்காய் பறிக்கிறவர்கள், மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள், பால் கேனோடு வந்த ஒருத்தர் என்று பாறைச் சந்திலிருந்தெல்லாம் ஆள் வந்தது. ஒருத்தர் காருக்குள் குனிந்து சாவியைத் திருகினார். இஞ்சின் பூனைக்குட்டி மாதிரி அழகாக உறுமியது.

"வண்டிக்கு ஒரு கேடும் இல்ல. எடுங்க ரிவர்ஸ்!"

இப்போது ஒரு ஊரே கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தது. பைலியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"நான் எடுத்துத் தரேன். லாரி ஓட்டின கை இது" என்று ஒருத்தன் முன்னால் வந்தான். உலகன்னான் என்று பெயர். ஆள் வந்து சேருவதற்கு முன்பே கள்ளு வாசனை வந்து சேர்ந்தது. பயம் யாரை விட்டது? பைலி சாவியை உருவிப் பாதி நீட்டிவிட்டான்.

"அப்பச்சா! அவர்கிட்ட சாவியக் குடுத்தீங்கன்னா நான் நடந்தே போயிடுவேன்" என்றாள் லிஜி.

பைலி வெட்கப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டான். "வேண்டாம்ப்பா. குடிச்ச கையில வண்டியக் குடுக்கமாட்டேன்."

"நான் காலையில குடிச்சது!" என்றான் உலகன்னான்.

"எந்தக் காலையில?" என்று கேட்டாள் திரேசம்மா. கூட்டம் சிரித்தது.

வேறு வழியில்லாமல் பைலி மனைவியைப் பாறை ஓரமாக அழைத்துப்போய் உண்மையைச் சொன்னான். திரேசம்மா வாயைப் பிளந்தாள்.

"அப்போ இத்தனை நாளா தையக்கடைக்கும் பூசைக்குப் பள்ளிக்கும் எப்படி ஓட்டினீங்க?"

"முன்னாலயே போயி முன்னாலயே வந்தேன்."

"அதான் போன ஞாயித்துக்கிழமை பக்கத்துல இருக்கற பள்ளிக்குப் போக ரெண்டு ஊரைச் சுத்திக் கூட்டிட்டுப் போனீங்களா! நான் ஏதோ காத்து வாங்கக் கூட்டிட்டுப் போறீங்கன்னு சந்தோஷப்பட்டேனே!"

பைலி தலையைக் குனிந்துகொண்டான்.

ஆனால் திரேசம்மா லேசுப்பட்டவள் இல்லை. பள்ளிப் பெருநாள் ஊர்வலத்தில் முத்துக்குடை பிடிக்கிறவர்களை வரிசையில் நிறுத்திப் பழகியவள். கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தட்டினாள். "எல்லாரும் வாங்க! காருக்குப் பின்னால ரெண்டு வரிசையா நில்லுங்க. கையைத் தொங்கவிட்டு, ஆடாம அசையாம. நீங்கதான் இப்போ கம்பி!"

பாறைப் பக்கம் நிற்க அடிதடியே நடந்தது. பள்ளத்துப் பக்கம் ஒருவரும் போகவில்லை. உலகன்னான் மட்டும் மார்பைத் தட்டிக்கொண்டு போனான். ரோடு எது, பள்ளம் எது என்று அவனுக்கு அன்று அவ்வளவாகத் தெளிவில்லை. அவனைப் பார்த்து வீரம் வந்து இன்னும் இரண்டு சுமட்டுக்காரர்கள் போய் நின்றார்கள். உலகன்னான் மூன்றாவது கம்பி.

ஸ்டிக்கருக்கு என்ன செய்வது? பைலியின் சட்டைப் பையில் பாதிரியார் அங்கி தைத்து மிஞ்சிய சிவப்புத் துணித்துண்டு கிடந்தது. பனி ஈரத்தில் அதைப் பின் கண்ணாடியின் நடுவில் ஒட்டினான்.

"நடுவுல ஒட்டாதீங்க!" ஜீப்பிலிருந்து ஒரு கத்தல். "ரெண்டு விரல் இடது பக்கம் தள்ளி! நடுவுல ஒட்டினா மூணாவது கம்பிய இடிச்சுடுவீங்க!"

மூன்றாவது கம்பி திடுக்கிட்டு ஒரு காலை எடுத்து வைத்தது. வைத்த இடம் நல்லவேளையாக ரோடு. பைலி துணியை இரண்டு விரல் தள்ளி ஒட்டினான்.

"இவ்வளவு தெரிஞ்சவனுக்கு வண்டியப் பின்னால எடுத்தா என்னவாம்? திமிரு!" என்று பால் கேன்காரர் முணுமுணுத்தார். மங்கி கேப்காரன் காதில் வாங்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான். அந்தக் குளிரிலும் அவன் மீசையில் வியர்வை வழிந்தது. கோபத்தில்தான் மனுஷனுக்கு இப்படி வேர்க்கிறது என்று பைலி இன்னும் பயந்தான்.

லிஜியும் திரேசம்மாவும் கீழே, காருக்கு முன்னால் பாறையோடு ஒட்டி நின்றார்கள். பைலி தனியாக ஏறி உட்கார்ந்தான். 'கீவர்கீஸ் புண்ணியவானே, பேரப்பிள்ளை முகத்தைப் பார்க்கவிடு. குருசடியில் மெழுகுவர்த்தி ஏத்தறேன்' என்று வேண்டிக்கொண்டு ரிவர்ஸ் கியர் போட்டான்.

கார் பின்னால் நகர்ந்தது. கம்பிகளும் நகர்ந்தன. துணித்துண்டும் உலகன்னானும் ஒன்றாகத் தெரிந்தார்கள். பைலி ஸ்டீரிங்கை ஒடித்தான். உலகன்னான் லேசாக இடது பக்கம் ஆடினான். பைலியும் அவன் பின்னாலேயே ஒடித்தான். உலகன்னான் மறுபடி ஆடினான்.

"ஐயோ, நிறுத்து!" என்று கூட்டம் அலறியது.

அடித்த பிரேக்கில் இஞ்சின் அணைந்தது. பின் சக்கரத்துக்கு அடியிலிருந்து ஒரு கல் கழன்று உருண்டது. மோதி, மோதி, மோதி, அப்புறம் சத்தமே இல்லை. அது தரையில் விழுந்த ஓசை கேட்கும் என்று பைலி காத்திருந்தான். கேட்கவில்லை. உலகன்னானுக்குப் போதை முழுதாக இறங்கிவிட்டது. அவன் பாறைப் பக்கம் ஓடிப்போய்ப் பால்காரரைக் கட்டிக்கொண்டான்.

செத்தோம் என்றே பைலி நினைத்தான். முன் கண்ணாடி வழியே மகள் தெரிந்தாள். ஒரு கை வயிற்றின் மேல். அவள் அழவில்லை.

"அப்பச்சா!" என்றாள். "கம்பியப் பார்க்காதீங்க. அந்தத் துணியப் பிச்சுப் போடுங்க. திரும்பி ரோட்டப் பாருங்க. வண்டி எங்க போகணுமோ அங்க பாருங்க, போதும். அவசரமே இல்ல."

பைலி ஒரு சுமட்டுக்காரரிடம் துணியைப் பிய்க்கச் சொல்லிவிட்டு, இஞ்சினை மறுபடி கிளப்பி, இருக்கையின் மேல் கையைப் போட்டு உடம்பை முழுதாகத் திருப்பினான். லைசென்ஸ் வாங்கிய பிறகு முதல் தடவையாகத் தனக்குப் பின்னால் இருக்கும் ரோட்டைப் பார்த்தான். ஈரமாக இருந்தது. லேசாக வலது பக்கம் வளைந்தது. அவ்வளவுதான். அவனும் லேசாக வளைத்தான். நத்தை வேகத்தில் கார் மேலே ஏறியது. கம்பிகள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாறையில் ஒட்டின. குருசடியின் முற்றம் வந்ததும் கார் சமர்த்தாக ஒதுங்கி நின்றது.

பைலிக்கு அழுகை வந்துவிட்டது. கூட்டம் கைதட்டியது. லிஜி மெல்ல ஏறி வந்து அப்பன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜீப் முக்கி முனகி ஏறி வந்து பக்கத்தில் நின்றது. மங்கி கேப்காரன் கேப்பைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். பைலி ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

"மன்னிக்கணும் சாரே. சட்டப்படி நான்தான் ஒதுங்கணும். எனக்கு ரிவர்ஸ் வராது, அதான் தகராறு பண்ணிட்டேன். இனிமேலாவது ஒழுங்காப் படிச்சுட்டுத்தான் வண்டியத் தொடுவேன். ஸ்டிக்கர் எங்க ஒட்டணும்ங்கறது வரைக்கும் தெரிஞ்ச கை உங்களுது. நீங்களே எனக்குக் கொஞ்சம் சொல்லித் தருவீங்களா?"

அவன் அவசரமாகக் கேப்பை மறுபடி மாட்டிக்கொண்டான். பக்கத்தில் இருந்த மனைவி வறுவல் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"இவருக்கும் கம்பி இல்லாம ரிவர்ஸ் வராது சேட்டா, குடைக்குக் கீழ உட்கார்ந்து விசில் ஊதி, இந்த மலையில வண்டி ஓட்டுற அத்தனை பேருக்கும் பாஸ் போட்டது இவருதான்."