பனையேறி நடந்து வந்த ஞாயிற்றுக்கிழமை

கோபம் வந்தால் எனக்குக் காது அடைத்துக்கொள்ளும். எதிரில் இருப்பவர் நல்லது சொல்கிறாரா, வம்பு பேசுகிறாரா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அந்தக் காதை வைத்துக்கொண்டு ஒரு முறை கண்ணாடித் தொட்டிக்கு மீன் வாங்கப் போனேன். ஒன்பது மீன் செத்தது. (பாவம், அதுங்க என்ன பண்ணுச்சு?) பதிலுக்கு எனக்கு ஒரு மாமனார் கிடைத்தார்.

மாமனார் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணவர் சேகரின் குடும்பம் திருக்கனூர் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். நாங்கள் உறுவையாறு. என் தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். நானும் சேகரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். பிடித்துப்போனது. பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். “அவங்க நமக்குச் சேர மாட்டாங்க” என்று மாமனார் ஒரே வரியில் கதவைச் சாத்திவிட்டார். நான்கு வருடம் பெற்ற பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியார் மட்டும் கோயிலுக்கு என்று சொல்லிக் கிளம்பி, எங்களிடம் வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

உறுவையாற்றிலேயே நாங்கள் ஒரு சின்ன வீடு கட்டி முடித்ததும் மாமியார் அங்கே என்ன கலகம் செய்தாரோ தெரியாது. ஒரு நாள் போன் வந்தது.

“ஞாயித்துக்கெழம ஒங்கப்பா வராரு சேகரு. வூட்டப் பாக்க மட்டுந்தானாம். சாப்புட மாட்டாராம். தண்ணி கூட வேணாம்னுட்டாரு.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “தண்ணி கூடக் குடிக்காதவரு எதுக்கு வரணும்? ரோட்டுலயே நின்னு பாத்துட்டுப் போவட்டும்” என்றேன்.

“வந்து உக்காந்தாலே போதும் சுமதி” என்றார் சேகர். நான்கு வருடமாக அவர் எதையும் என்னிடம் கெஞ்சியதில்லை. அன்று அவர் குரல் கெஞ்சியது. வாயை மூடிக்கொண்டேன். (நான் வாயை மூடுவது எங்கள் தெருவில் அதிசயம்.)

அடுத்த கவலை, வந்து உட்காருகிறவர் எதைப் பார்ப்பார் என்பது. சேகர்தான் யோசனை சொன்னார்.

“எங்கப்பா என் மூஞ்சியப் பாக்க மாட்டாரு. உன் மூஞ்சியப் பாக்கவே மாட்டாரு. பல் டாக்டரு ஆஸ்பத்திரில மீன் தொட்டி வெச்சிருக்காங்கல்ல? அது மாதிரி ஒண்ணு ஹால்ல வெச்சிட்டா எல்லாரும் அதையே பாத்துக்கினு இருக்கலாம்.”

பல் பிடுங்கப் போகிறவனுக்கும் என் மாமனாருக்கும் ஒரே மருந்து. எனக்கும் சரியென்றுதான் பட்டது. வியாழக்கிழமையே இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கி, தண்ணீர் நிரப்பி, அடியில் கலர் கல் போட்டு வைத்தோம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து மீன் வாங்க வில்லியனூருக்கு வண்டியை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். அதுதான் தப்பு.

கடைக்காரர் அமைதியான மனிதர். தொட்டி எத்தனை அடி என்று கேட்டுவிட்டு, “அப்ப ஆறு கப்பி எடுத்துக்குங்க அக்கா. சின்னத் தொட்டிக்கு அது போதும்” என்றார்.

கப்பி என்பது என் சுண்டுவிரலில் பாதி. நான்கு வருடம் கழித்து வருகிற மனிதருக்கு அதைக் காட்டவா?

“அந்தத் தட்டை மீனு?”

“ஏஞ்சலு. அது கப்பியோட சேராது அக்கா.”

“இந்தச் செவப்பு?”

“ஃபைட்டரு. அது யாரோடயும் சேராது.”

“கோடு போட்டது?”

“டைகர் பார்ப். ஏஞ்சல் றெக்கைய கடிச்சி எடுத்துடும். சேராது.”

“அந்தக் கோல்டு மீனு?”

“அது அது இனத்தோடதான் வெக்கணும் அக்கா.”

அவ்வளவுதான். காது அடைத்துக்கொண்டது. இந்த உலகத்தில் எனக்குப் பிடிக்காத வார்த்தைகளை எல்லாம் அந்த மனிதர் வரிசையாகச் சொல்லிவிட்டார்.

“யாருய்யா நீ, சேராதுன்னு சொல்றதுக்கு? எங்கூட்டுத் தொட்டில யாரு யாரோட இருக்கணும்னு நான் சொல்றேன். எல்லாத்துலயும் ஒரு ஜோடி போடு!”

“அக்கா, நான் மீனைத்தான் சொல்றேன்...”

“எல்லாரும் இப்டித்தான் சொல்லுவீங்க!”

அவர் பயந்துபோய்ப் பிடித்துப் போட்டார். கப்பி, மோலி, ஏஞ்சல், கோல்டு, டைகர் பார்ப் எல்லாம் இரண்டிரண்டு. ஃபைட்டரை மட்டும், “சத்தியமா ஒண்ணு போதும் அக்கா” என்று கும்பிட்டார். ஒவ்வொரு வகையையும் தனித் தனி பிளாஸ்டிக் கவரில் கட்டினார். எங்கள் தாத்தாவுக்கு டீக்கடையில் தனி கிளாஸ் வைத்தது எனக்கு நினைவு வந்து, அதற்கும் அவரைத் திட்டினேன். கடையில் இருந்த இன்னொரு ஆள் எதுவும் வாங்காமலே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பதினொன்றையும் ஒரே தொட்டியில் விட்டேன். சமத்துவம் மலர்ந்தது. அழகாகத்தான் இருந்தது. கால் மணி நேரம்.

சனிக்கிழமை காலை என் அப்பா வாய்க்காலில் பிடித்த பனையேறிக் கெண்டைகளை வாளியில் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இது கறுத்த, முரட்டு மீன். செதில் கல் மாதிரி இருக்கும். முதுகில் முள் வரிசை. தண்ணீரை விட்டு வெளியே வந்தாலும் சீக்கிரம் சாகாது. செவுளைத் தரையில் ஊன்றி ஊன்றி நகர்ந்து போகும். குழம்புக்கு அதற்கு இணை கிடையாது.

தொட்டியைப் பார்த்தேன். எல்லாம் எங்கெங்கிருந்தோ வந்த மீன். எங்கள் ஊர் வாய்க்கால் மீனுக்கு மட்டும் இதில் இடம் கிடையாதா? வாளியில் இருந்ததிலேயே தடியனாக ஒன்றை எடுத்துத் தொட்டியில் விட்டேன்.

“அது கொழம்பு மீனும்மா” என்றார் அப்பா.

“அதுக்கும் மரியாதை இருக்குதுப்பா” என்றேன். அவர் என்னை வளர்த்தவர். மிச்ச மீனோடு வாளியைப் பின்பக்கக் குழாயடியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

ஞாயிறு காலை சேகர் தொட்டி முன்னால் குந்தியிருந்தார். “கப்பியக் காணோம் சுமதி. மோலியும் காணோம்.”

“கல்லுக்குப் பின்னால இருக்கும்.”

“கல்லே விரக்கடை ஒசரந்தான் இருக்குது. ஃபைட்டருக்கு வால் இல்ல. ஏஞ்சலு சாஞ்சிக்கினு நீஞ்சுது.”

“புது எடம். பழகிடும்” என்றேன். பனையேறி மட்டும் நடுவில், சாப்பிட்டுவிட்டு வாசலில் நிற்கும் பண்ணையார் மாதிரி, அசையாமல் நின்றது. தொட்டி மூடியில் இருந்த விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்ததால் அதைக் கழற்றி ஓரமாக வைத்தேன். பனையேறி இருக்கிற தொட்டிக்கு மூடியை எடுத்தேன். எங்கள் ஊரில் பிறந்த எந்தக் குழந்தையும் செய்யாத காரியம்.

பதினோரு மணிக்கு மாமனார் தனியாக வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. சோபாவின் நுனியில், எந்த நேரமும் எழுந்துவிடுகிற மாதிரி உட்கார்ந்தார். பேசினார். ஆனால் சுவரோடு பேசினார்.

“காத்தோட்டம் பரவால்ல” என்றார் சுவரிடம்.

“நல்லா வரும்பா” என்றார் சேகர். சுவர் பேசாததால்.

நான் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து டீப்பாயில் வைத்தேன். அவர் டம்ளரைப் பார்க்காமல், தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். சேகர் போட்ட கணக்கு பலித்துவிட்டது. ஆனால் டம்ளர் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. சமையற்கட்டுக்குப் போய் ஒரு தட்டைக் கீழே போட்டேன். தானாக விழுந்த தட்டு மாதிரி இருக்காது அந்தச் சத்தம்.

அதே நேரம் ஹாலில் இன்னொரு சத்தம். ஈரத்துணியை ஓங்கித் தரையில் அடித்த மாதிரி.

ஓடிவந்து பார்த்தேன். பனையேறி டைல்ஸ் தரையில் கிடந்தது. கிடந்தது என்று சொல்லக்கூடாது. நடந்தது. செவுளை ஊன்றி, உடம்பை ஒரு வெட்டு வெட்டி, நேராக என் மாமனாரை நோக்கி வந்தது. அவர் இரண்டு காலையும் தூக்கிச் சோபாமேல் வைத்துக்கொண்டார். சேகர் விளக்குமாற்றோடு ஓடிவந்தார். வந்து, அதைக் குப்பை மாதிரி கூட்டப் பார்த்தார்.

மாமனாருக்குப் பொறுக்கவில்லை.

“டேய்! வெளக்குமாத்தால மீனு புடிப்பியாடா? நெலத்துக்காரன் புள்ளையாடா நீ? தள்ளுடா அந்தாண்ட!”

சேகர் விளக்குமாற்றோடு அப்படியே நின்றுவிட்டார். நான்கு வருடத்தில் அவர் அப்பா அவரிடம் பேசிய முதல் வார்த்தை. கண் கலங்கிவிட்டது அவருக்கு. மீன் அதற்காக நிற்கவில்லை, டீப்பாய்க்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

மாமனார் வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து, வெறுங்கையால் ஒரே அமுக்காக அமுக்கினார். “ஆ!” என்று அலறினார். முதுகு முள் உள்ளங்கையில் இறங்கிவிட்டது. மீனை மட்டும் விடவில்லை. ரத்தம் டைல்ஸில் சொட்டியது.

எனக்கு யார் எவர் என்பதெல்லாம் மறந்துவிட்டது. “வெறுங்கையில புடிப்பாங்களா அத? தோள்ல துண்டு எதுக்குப் போட்டுக்கினு இருக்கீங்க, அழகுக்கா?” என்று கத்திக்கொண்டே அவர் கையைப் பிடித்துப் பின்பக்கக் குழாய்க்கு இழுத்துக்கொண்டு போனேன். மீனை வாளியில் போடவைத்தேன்.

அவரும் விடவில்லை. “பனையேறிய எவனாச்சும் ஷோவுக்கு வளப்பானா? அறிவு இருக்குதா ஒனக்கு?”

“வந்த எடத்துல தண்ணி குடிக்காதவங்க அறிவப் பத்திப் பேசக்கூடாது! கையக் காட்டுங்க மாமா.”

காட்டினார். கழுவினேன். மஞ்சள் வைத்து அழுத்தினேன். மனிதருக்கு முகமெல்லாம் வியர்த்து, மூச்சு வாங்கியது. பக்கத்தில் ஒரு சொம்பில் தண்ணீர் இருந்தது. எடுத்து நீட்டினேன். மடமடவென்று குடித்துவிட்டு, வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு, மறுபடி சண்டைக்கு வந்தார்.

நான் கவனிக்கவில்லை. அவரும் கவனிக்கவில்லை. கதவருகே நின்ற சேகர்தான் பார்த்தார். கையில் இருந்த விளக்குமாற்றைச் சத்தம் வராமல் கீழே வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மாமனார் வாளியை எட்டிப் பார்த்தார். “எத்தினி இருக்குது?”

“எட்டு.”

“கொழம்பு வெப்பியா?”

“எங்கூட்ல நீங்க சாப்புட மாட்டீங்களே?”

“சாம்பல் போட்டுத் தேச்சாத்தான் செதில் போவும்” என்றார். அதற்கு அர்த்தம் ஆமாம் என்பது. அந்த வீட்டு ஆண்கள் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். பரிமாறும்போது, “என்னைக் குத்துன தடியன் யாருக்கு?” என்று கேட்டு, அதையே வாங்கித் தின்றார். மூன்று முறை சோறு வாங்கினார். நான் நின்று எண்ணினேன். ஜெயித்தவள் எண்ணத்தான் செய்வாள்.

ஒரு மீன் குத்தி ஒரு மனிதர் முழுசாக மாறிவிட்டார் என்று நான் கதை விட மாட்டேன். எங்களைச் சொந்தக்காரர் விசேஷத்துக்குக் கூப்பிட அவருக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது. ஆனால் அதற்கு அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கு அடுத்ததும்.

தொட்டியில் இருந்ததில் அந்த வாரக் கடைசிக்குள் டைகர் பார்ப் இரண்டும்தான் மிச்சம். வில்லியனூர்க் கடைக்குப் போய் அந்த மனிதரிடம், “நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்” என்றேன். அவர் முதலில் நம்பவில்லை. அப்புறம் பொறுமையாகச் சொன்னார். வாயில் நுழைகிற அளவில் இருப்பது எல்லாமே மீனுக்கு இரை. சில மீனுக்குச் சில்லென்ற தண்ணீர் வேண்டும், சிலதுக்கு ஆகாது. றெக்கை நீண்டதையும் கடிக்கிறதையும் ஒன்றாக விடக்கூடாது. அவ்வளவுதான் சேராததற்குக் காரணம். வாயும் வயிறும் தண்ணீரும். மனிதர்கள் சொல்கிற காரணம் எதுவும் அதில் இல்லை. பார்ப் இரண்டையும் அவரே வாங்கிக்கொண்டு ஆறு கப்பி கொடுத்தார். இன்று அவை முப்பதுக்கு மேல்.

போன வருடம் திருக்கனூரில் ஒரு காதுகுத்து. நானும் சேகரும் பந்தியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மாமனாரின் பங்காளி ஒருவர், என் காதில் விழட்டும் என்றே, “ஏம்பா, அவங்க வூட்லல்லாம் நீ எப்டிப்பா கை நனைச்ச?” என்று அவரிடம் கேட்டார்.

எனக்குக் காது அடைக்க ஆரம்பித்தது. வாயைத் திறக்கப் போனேன். மாமனார் முந்திக்கொண்டார்.

“கொழம்புல வேவ வேண்டிய மீனு, தரையில நடந்து வந்து என்னைக் கூப்புட்டுச்சுடா. ஒன் வூட்ல பத்து வருசமா சாப்புடறேன், நீயே ஒரு நாளு எழுந்து வந்து கூப்புட்டது கெடையாது.”

பந்தியே சிரித்தது. பங்காளி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் வாயை மூடிக்கொண்டு, இன்னொரு அப்பளம் கேட்டு வாங்கினேன்.