ஆப்பரேட்டர் வெட்டிய நாலு நிமிஷம்

உலகத்தில் எல்லோரும் தான் சொன்னதுதான் சரி என்று நிரூபிக்க அலைவார்கள். தான் சொன்னது பொய் என்று நிரூபிப்பதற்காக, காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை ஒரு சிடிக் கடை விடாமல் ஏறி இறங்கிய மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ரேஷன் கார்டில் அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். எங்கள் திருவொற்றியூர் தெருவில் அவர் வெறும் 'ஆப்பரேட்டர்'.

அப்போது நான் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டிடம் குமாஸ்தா. கல்யாணம் ஆகாதவன். ஆப்பரேட்டர் வீட்டுக்கு எதிரே, மாடியில் ஒற்றை அறை. தெருவில் சிடி பிளேயர் இருந்த வீடுகள் இரண்டே இரண்டு. ஒன்று என்னுடையது. இன்னொன்றில் கடிநாய் இருந்தது. அதனால் ஆப்பரேட்டர் என்னிடம் வந்தார்.

இருபது வருடத்துக்கு மேல் தியேட்டரில் படம் ஓட்டியவர். தியேட்டர் சிமெண்ட் கோடவுனாக மாறியபின் கண்டெய்னர் யார்டில் வாட்ச்மேன். மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. அவர் ரகசியம் சொன்னால் ரயில்வே கேட்டில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான்.

"சாரு, ஒரு படம் பாக்கணும். முழுசா வாணாம். எட்டாவது ரீலு மட்டும் போதும்" என்றார் முதல் நாள்.

"சிடியில் ரீல் ஏதுங்க?"

"அப்போ எட்டாவது ரீலு வர்ற எடத்துக்குப் போ."

பழைய கறுப்பு வெள்ளைப் படம். பெயரைச் சொன்னால் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடுவோம். புருஷன் சந்தேகப்பட்டுக் கை நீட்டிவிடுகிறான், பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். அடுத்த காட்சியில் பார்த்தால் அவனுக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். எப்படித் திரும்பி வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை, சாம்பார் உட்பட.

அந்த இடத்தில் ஒரு காட்சி உண்டு என்பது ஆப்பரேட்டரின் மனைவி பாப்பம்மா அக்காவின் கட்சி. கல்யாணத்துக்கு முன்னால், பதினேழு வயதில், இராயபுரத்தில் ஒரு தியேட்டரில் அக்கா பார்த்ததாம். கொட்டும் மழையில் மாமியார் வீட்டு வாசலில் நின்று புருஷன் மன்னிப்புக் கேட்பான். அவள் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாக ஒரு கிழிந்த குடையை நீட்டுவாள். அவன் குடையைப் பிடிக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு நனைவான்.

"அப்பிடி ஒரு சீனே கெடையாது. படத்த ஓட்டினவன் நானு!" என்பது ஆப்பரேட்டரின் கட்சி. இதைத் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும்போதும் சொல்லுவார், சாவு வீட்டிலும் சொல்லுவார். முப்பது வருடம் சொல்லி, தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. யாராவது புளுகினால், "இது பாப்பம்மா பாத்த சீனு" என்பார்கள். அக்கா சிரித்துவிட்டுப் போய்விடும். சிரிப்பு கண்ணுக்கு ஏறாது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் திடீரென்று அந்தக் காட்சி இருக்கிற சிடியைத் தேடுகிறார் என்றால் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

முதல் சிடியில் கம்பெனிக்காரன் தன் பெயரைக் கதாநாயகியின் மூக்கின் மேலேயே ஒட்டியிருந்தான். அவள் அழும்போது கீழே ஒரு பாத்திரக் கடை விளம்பரம் ஓடியது. காட்சி இல்லை. இரண்டாவது சிடியில் மேலேயும் கீழேயும் வெட்டி டிவிக்கு அளவெடுத்திருந்தார்கள்.

"இன்னா சாரு இது, அல்லாரும் முண்டமா பேசிகினு கீறாங்கோ!" என்று ஆப்பரேட்டர் எழுந்து நின்று, தலை தெரிகிறதா என்று டிவிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

மூன்றாவதில் இடைவேளை வரைக்கும் நம் படம். இரண்டாவது தட்டைப் போட்டால் கலரில் அம்மன் வேப்பிலையோடு ஆடினாள். நிறுத்தப் போனேன். "இரு சாரு, நடுவுல வந்தாலும் வரும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். முழு அம்மன் படத்தையும் பார்த்தோம். எனக்கு அன்று காய்ச்சலே வந்துவிட்டது.

ஐந்தாவது சிடியில்தான் அது நடந்தது. ஒரு காட்சி முடியும் நேரத்தில் மேல் மூலையில் ஏதோ கீறல் மின்னி மறைந்தது. ஆப்பரேட்டர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

"திருப்பிப் போடு."

போட்டேன். சின்னதாக ஒரு சூலம்.

ரீல் முடியப்போகிறது, அடுத்த மிஷினைத் தயார் செய் என்பதற்காக ஆப்பரேட்டர்கள் ஃபிலிமில் ஆணியால் அடையாளம் கீறுவார்கள். ஆளுக்கு ஒரு அடையாளம். எங்கள் ஆப்பரேட்டருடையது சூலம். முன்னால் பார்த்த சிடிகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். மூலை வெட்டுப்படாத எல்லாவற்றிலும் அதே இடத்தில் சூலம். அத்தனை கம்பெனிக்காரனும் எங்கேயோ கிடந்த ஒரே பிரிண்ட்டைத்தான் நகல் எடுத்திருக்கிறான். அது இவர் ஓட்டிய பிரிண்ட்.

"அந்த சீன் இல்லாத பிரிண்ட்தானே? அப்புறம் என்ன?" என்றேன்.

"இருந்திச்சி சாரு. நான்தான் வெட்டுனேன்."

அவர் சொன்னது இது. மாலைக் காட்சி ஒன்பதே முக்காலுக்கு முடியும். பத்து மணிக்கு ஃபேக்டரியில் நைட் ஷிப்டுச் சங்கு. முதல் நாள் ஆட்கள் கிளைமாக்ஸ் பார்க்காமல் எழுந்து ஓடினார்கள், போகிற போக்கில் சீட்டைக் கிழித்தார்கள். முதலாளி எதையாவது வெட்டச் சொன்னார். இவர் ஒரு பாட்டையும் இந்த நாலு நிமிஷத்தையும் வெட்டினார். "பொண்டாட்டியாண்ட ஒருத்தன் மன்னிப்பு கேக்குறத எவன் சாரு குந்தி பாப்பான்?" அப்போதுதான் கல்யாணம் ஆகி ஒரு மாதம். புதுப் பெண்டாட்டியைப் படத்துக்குக் கூட்டிப் போனால், அந்த சீன் எங்கே என்று கேட்கிறாள். வெட்டியது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, அப்படி ஒன்றே இல்லை என்றார். சொன்ன பொய்யை அப்புறம் விட முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. "முப்பது வருஷமா அவங்கள ஊர் சிரிக்க வெச்சிருக்கீங்க. போய் உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன் சாரு. நம்ப மாட்டேங்குறா."

பாப்பம்மா அக்காவுக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் வீட்டுக்கே கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். அந்த வாரம்தான் ஆப்பரேட்டர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருக்கிறார். அக்கா அவர் கன்னத்தைத் தடவி, "சாவப் போறவ மனசு நோவக் கூடாதுன்னு டபாய்க்கிறியா?" என்றதாம்.

நானும் போய்ப் பார்த்தேன். பாயில் சுருண்டு கிடந்தது. "நான்தான் எதையோ பாத்துட்டு ஒளறிகினு இருந்தேனோ இன்னாவோ சாரு. தெனம் ஓட்டினவரு, அவுருக்குத் தெரியாதா?" என்று என்னிடமே கேட்டது. வாசலில் நின்றிருந்த ஆப்பரேட்டர் தலையில் அடித்துக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிட்டார். அன்றைக்கு அவர்மேல் இருந்த கோபம் எனக்குப் போய்விட்டது.

பினாங்குக்குப் போய்வரும் கப்பலில் ஒரு தூத்துக்குடிச் சமையல்காரர் எனக்குப் பழக்கம். அந்தப் பக்கம் போன பிரிண்ட் வேறாக இருக்குமே என்று அவரிடம் படத்தின் பெயரை எழுதிக் கொடுத்தேன். கப்பல் அவசரத்துக்கு வருமா? அக்காவைப் புதைத்துப் பதினோராம் நாள் சமையல்காரர் சிடியோடு வந்தார். அடியில் மலாய் எழுத்து ஓடியது. கண்ணாடி மாதிரி பிரிண்ட். எட்டாவது ரீலில் மழை பெய்தது.

எங்கள் பக்கத்தில் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாப்பாடு ஆனதும் டிவி வாடகைக்கு எடுத்துப் பந்தலிலேயே படம் போடுவார்கள். அழுதவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே. தெருவே கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தது. ஆப்பரேட்டர் என்னை நேராக எட்டாவது ரீலுக்குப் போகச் சொன்னார்.

மழை. வாசல். ஜன்னல் வழியாகக் கிழிந்த குடை. அவன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நனைந்தான். காட்சி முடிந்ததும் ஆப்பரேட்டர் டிவி முன்னால் வந்து நின்றார்.

"பாத்துக்கினீங்களா? மழை கீது. கொடை கீது. அவ பொய் சொல்லல. நான்தான் வெட்டுனேன், நான்தான் பொய் சொன்னேன். இனிமே எவனாவது 'பாப்பம்மா பாத்த சீனு'ன்னு சொன்னீங்கோ, கொன்னுடுவேன்."

தண்ணீர் வரிசையில் அதிகம் சிரித்த பெண்மணிதான் முதலில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பின்னாலிருந்து ஒரு குரல் தயங்கித் தயங்கி, "சரி நைனா, மீதிப் படத்தப் போடு" என்றது.

"மீதி இன்னா மீதி? படமே அவ்ளோதான்!" என்று சிடியை உருவிக்கொண்டார்.

திட்டிக்கொண்டே கூட்டம் கலைந்தது. அவர் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி அவர் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"ஒரே தபா பாத்தவ சாரு. ஒரு பொட்டு மாறாம சொல்லிகினு இருந்தா. வெட்டுறதுக்கு முந்தி ஒரு நாளு நானும் ஓட்டுனேன். மிஷினுல வெளிச்சத்துக்கு எரியிற கார்பன் குச்சி அணையாம பாத்துகினு இருந்துட்டேன். இந்த சீனை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

அவரைத் தொல்லை என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். பந்தலைப் பிரித்து, ஆட்கள் கடைசியாக எங்கள் நாற்காலிகளைக் கேட்டு வரும்வரை, அவர் கையை விடாமல் உட்கார்ந்திருந்தேன்.