எட்டும் ஐந்தும் பன்னிரண்டு ஏ

சைகோனில் ஐயோ டீச்சர் அளவுக்கு நம்பிக்கை இழந்து வாழ்ந்தவர் வேறு எவரும் இல்லை. மழை வந்தால் "ஐயோ, முங்கிப் போச்சு" என்பார். வெயில் அடித்தால் "ஐயோ, வெந்து போச்சு." இரண்டும் ஒரே நாளில் வருகிற ஊர் அது. டீச்சருக்கு ஓய்வே கிடையாது.

தேவகோட்டைக்காரர். கணவருக்கு முந்திரி ஏற்றுமதி கம்பெனியில் வேலை. தாவோ தியென் பகுதியில் எங்கள் அடுக்குமாடியில்தான் எட்டாவது மாடியில் இருந்தார்கள். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகள் ஆறேழு பேருக்கு மனக்கணக்குச் சொல்லிக் கொடுப்பார். பிள்ளை தப்பாகச் சொன்னால் ஐயோ. சரியாகச் சொன்னால் அதைவிடப் பெரிய ஐயோ. "இதுவும் தெரிஞ்சிருச்சா? இனி எதத்தான் சொல்லிக் குடுக்குறது!"

என் மகள் யாழினிக்கு அப்போது ஏழு வயது. கணக்குப் பாடம் உள்ள நாளெல்லாம் காலையிலேயே அவளுக்கு வயிறு வலிக்கும். காரணம் நான்தான். நான் கத்தக் கத்த, மேசைக்குக் கீழே விரல்களை ஒளித்து எண்ணுவாள். எண்ணியது மறக்கும், கணக்கும் தப்பும். இப்படியே போனால் அடுத்த வருஷமும் இதே வகுப்புதான் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் டீச்சரிடம் கொண்டுபோய் விட்டேன். விட்டதோடு நில்லாமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்த ஊரில் முட்டையைப் பத்துப் பத்தாக அட்டையில் அடுக்கி விற்பார்கள். காலி அட்டை ஒன்றில் டீச்சர் எட்டு ரம்புத்தான் பழங்களை வைத்தார். இன்னும் ஐந்தை யாழினி கையில் கொடுத்தார். "ஆத்தா, முதல்ல பத்தாக்கு." குழந்தை இரண்டு பழத்தைக் குழிகளில் வைத்தாள். அட்டை நிறைந்தது. கையில் மூன்று மிச்சம். "பத்தும் மூணும்?" அவள் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை.

"மனசுல எட்டு, கையில அஞ்சு! விரலை மடக்குடி!"

டீச்சர் என்னைப் பார்த்தார். "ஐயோ தம்பி, அது மனசுல ஏற்கனவே நீங்க உக்காந்திருக்கீக. எட்டு எங்குட்டு உக்காரும்?"

அன்றோடு அப்பாக்களுக்கு அங்கே தடை.

அடுத்த வாரம் கூட்டலை லிஃப்ட்டில் காட்டப் போகிறேன் என்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார். எட்டாவது மாடியிலிருந்து ஐந்து மாடி மேலே. கதவு திறந்தால், 12ஏ! பதின்மூன்று ராசியில்லாத எண் என்று அந்தக் கட்டடத்தில் அதற்கு இடமே கொடுக்கவில்லை. "ஐயோ! கட்டடமே கணக்கத் தப்பாப் போடுதே!" என்று டீச்சர் சுவரில் சாய்ந்துவிட்டாராம். இது வேஷம் போட்ட பதின்மூன்று என்று அரைமணி நேரம் விளக்கியிருக்கிறார். மற்ற பிள்ளைகளுக்குப் புரிந்தது. என் மகளுக்குத் தேவைக்கு மேல் புரிந்தது.

ஆண்டுத் தேர்வில், எட்டும் ஐந்தும் எத்தனை என்ற கேள்விக்குக் குண்டு குண்டாக எழுதியிருந்தாள்: 12ஏ.

பள்ளியில் கூப்பிட்டார்கள். கூப்பிடாமலே டீச்சரும் கிளம்பினார், லிஃப்ட் பொத்தான்களைப் படம் பிடித்த போனோடு. வாசலில் என்னை நிறுத்திவிட்டார். "நீங்க உள்ள வந்தா அதுக்குப் பேச்சே வராது. இங்கனயே நில்லுங்க."

கதவு இடுக்கில் நின்று பார்த்தேன். வகுப்பாசிரியை ஒரு வியட்நாமியப் பெண். படத்தைப் பார்த்துச் சிரித்தார். அவர் குடியிருப்பிலும் அப்படித்தானாம். ஆனால் விடைத்தாளின் பாதி வெள்ளையாகவே கிடந்தது. அவர் யாழினியிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: பதின்மூன்றில் எட்டு போனால்?

இன்னும் எட்டிப் பார்த்தேன். யாழினியின் இரண்டு கைகளும் மேசைமேல் சும்மா கிடந்தன.

"ஐந்து. எட்டுக்கு இரண்டு போட்டால் பத்து. அப்புறம் மூன்று."

ஐயோ டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

இருந்தும் வெள்ளைத் தாளுக்கு மதிப்பெண் போட முடியாதே. யாழினி மறுபடியும் அதே வகுப்பில்தான் என்று முடிவாயிற்று. திரும்பி வரும்போது காரில் டீச்சர் ஒரு ஐயோகூடச் சொல்லவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. "டீச்சர், ஏதாவது சொல்லுங்க" என்றேன்.

"என்னத்தச் சொல்ல? நான் தோத்துட்டேன் தம்பி. ஆனா அது தோக்கல. இனிமே அதப் பாத்துக் கத்துனீக, நான் சும்மா இருக்க மாட்டேன்."

அதன் பிறகு நான் கத்தவில்லை. கத்த வாயெடுப்பேன், எட்டாவது மாடி நினைவுக்கு வரும், மூடிக்கொள்வேன்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் கணவரின் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குக் கிளம்பினார்கள். பெட்டிகளை டாக்ஸியில் ஏற்றிவிட்டு, கார் தெருமுனை திரும்பும்வரை மழையில் நின்றேன். காவலாளி ஒரு குடையைக் கொண்டுவந்து என் தலைக்கு மேல் பிடித்தார்.

"உங்கள் சி-யா?" என்று கேட்டார். அக்காவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

ஆமாம் என்றேன்.