மச்சினன் முதுகில் ஐந்து மாடி

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா, ஒரு பாட்டில் பண்ணின கூத்தைச் சொல்கிறேன்.

பஸ் டிரைவர் ஒருவருக்குத் தசையில் அழற்சி. தசை நைந்து, அதிலுள்ள புரதம் ரத்தத்திலும் சிறுநீரிலும் கசிகிற நோய். ஆறு மாதமாகக் கட்டிலே கதி.

"ரத்தம், சிறுநீர் ரெண்டுலயும் அந்தப் புரதம் இல்லன்னா மறுபடி ஸ்டியரிங் பிடிக்கலாம். இருந்தா ஆஸ்பத்திரியில சேர வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீடோ ஐந்தாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மனைவியின் தம்பிதான் அவரை முதுகில் சுமப்பான்.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கக் கிளம்பிய அன்று, கீழ் வாசலில் டிரைவர் நெளிந்தார்.

"மச்சான், டாக்டர் சீட்டை மேலயே விட்டுட்டேன்டா."

"எங்க வச்சீங்க?"

"நான் வந்து தேடினாத்தான் தெரியும்."

அவரைச் சுமந்தபடியே மச்சினன் ஏறினான். சீட்டு கிடைத்தது. இறங்கினால் கண்ணாடியைக் காணோம். திரும்ப ஏறினான். கண்ணாடி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

"நடந்துதான் பாக்கட்டுமாடா?"

"விழுந்து தொலைச்சா அக்கா என்னை உரிச்சிடுவா. ஏறுங்க மாமா."

மறுநாள் காலை சிறுநீர். முதுகில் இருந்தபடி பாட்டிலைப் பத்திரமாகப் பிடித்திருந்தார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூடி கழன்றது.

"மாமா, மழையா?"

"பேசாம நடடா! ஐயோ, எட்டு மணிக்குள்ள குடுக்கணுமே. இனி ஒரு சொட்டு வராதே!"

"நான் நிரப்பித் தரேன். ஒரே வீட்டுச் சோறுதானே? இரும்பு உடம்பு, ரிசல்ட் பளிச்சுனு வரும்."

டிரைவருக்கு மனசு உறுத்தியது. ஆனால் கண்ணுக்குள் ஸ்டியரிங் சுற்றியது. மச்சினன் பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தான்.

"எதுக்குடா காகிதம்?"

"கலர் ஒரு மாதிரி இருக்கு. பாக்காதீங்க, வெக்கமா இருக்கு."

ரிசல்ட் வந்தது. டாக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

"ரத்தத்துல அந்தப் புரதம் துளிகூட இல்ல. சிறுநீர்ல கொட்டிக் கிடக்கு. எப்படின்னு புரியல. எதுக்கும் இன்னைக்கே சேர்ந்துடுங்க."

வாயைத் திறந்தால் மானம் போகும், மூடினால் ஸ்டியரிங் போகும். படுக்கையைத் தேடிப் போக மச்சினன் முதுகில் ஏறிய பிறகுதான் டிரைவருக்கு வாய் திறந்தது.

"அந்தப் பாட்டில்... என்னோடது இல்ல டாக்டர். இவனோடது."

ரிப்போர்ட் கொண்டுவந்த லேப் பெண் மச்சினனின் நடுங்குகிற முழங்காலைப் பார்த்தாள்.

"அண்ணே, முதல்ல கீழ இறங்குங்க. உங்களுக்கு ஒண்ணுமில்ல. உங்களைச் சுமந்து சுமந்து நைஞ்சு போனது அவரு தசை, இனி நீங்கதான் அவரைத் தூக்கணும்!"

உங்கள் வீட்டிலும் தாங்க ஒரு முதுகும், நேரம் பார்த்து இறங்குகிற மனசும் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.