டிஜே மெஷினுக்கு இன்னொரு பிரேக்

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்காவும் நானும் உடலளவில் நலம். மகள் கல்யாண வேலைகளுக்கு நடுவே நீயும் உன் வீட்டாரும் வேளைக்குச் சாப்பிட்டு, சண்டை சச்சரவு இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறாரே என்று நீ நினைக்கலாம். உன் அக்கா மாடி அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் டிஜே போடுகிறவர்கள் அதை ஒரு காதில்தான் மாட்டுவார்களாம். அடுத்து வரப்போகும் பாட்டை அந்தக் காதில் தனியாகக் கேட்டுக்கொண்டே, ஓடுகிற பாட்டை மறு காதில் கேட்பார்களாம். அந்த மறு காது சும்மா இருப்பதில்லை. போன வாரம் வாசலில் நின்று காய்கறிக்காரரிடம் நான் முணுமுணுத்த ஒரு விஷயத்துக்கு மாடியிலிருந்து பதில் வந்தது. அதனால்தான் கடிதம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் மகள் கல்யாணத்தன்று மாலை விருந்தில் உன் அக்கா டிஜேவாக நிற்கக் கூடாது. 'வேண்டாம் அக்கா, வேற ஆளைப் பேசிட்டேன்' என்று நீதான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் எடுபடாது. ஏன் எடுபடாது என்பதுதான் இந்தக் கடிதம்.

இதை ஆரம்பித்து வைத்தது உன் மகள். பல் டாக்டரின் கிளினிக்கில் உன் அக்கா வரவேற்பில் உட்கார்ந்திருந்த காலமெல்லாம், காத்திருக்கும் அறைக்குப் பாட்டுப் போட்டது அவள்தான் என்பது உனக்குத் தெரியும். உள்ளே பல்லைக் குடையும் சத்தம் கிளம்புகிற நேரம் பார்த்து, அதை மூடுகிற மாதிரி ஒரு பாட்டைச் சரியாக எடுத்துவிடுவாள். வெளியே இருக்கிறவர்கள் பயந்து ஓடாமல் உட்கார்ந்திருந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அதை நினைவில் வைத்துக்கொண்டு உன் மகள் போன் செய்து, "அத்தை, கல்யாணத்தன்னிக்கி சாயங்காலம் பாட்டெல்லாம் உங்க பொறுப்பு. எல்லாரையும் ஆட வைக்கணும்" என்றாள். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த உன் அக்கா முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தை நான் மறைக்க விரும்பவில்லை. "முறையா கத்துக்கிட்டுத்தான் போடுவேன்" என்றாள். முறையாக என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நான் எழுந்துவிட்டேன். இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் என் டிரைவிங் ஸ்கூலில் பழகியவர்கள். முறை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா?

கடைக்கு நானே அழைத்துப் போனேன். கடைக்காரர் இளவயது, கழுத்தில் ஹெட்போன், பொறுமையான மனிதர். ஆரம்பத்துக்கு இது போதும் என்று தட்டு அளவில் ஒரு மெஷினை எடுத்து வைத்தார். இரண்டு பக்கமும் இரண்டு சக்கரம், நடுவே ஒரு பாட்டைக் குறைத்து இன்னொன்றை ஏற்றுகிற நெம்புகோல். வீட்டிலிருக்கும் லேப்டாப்பில் சொருகினால் வேலை செய்யுமாம். நான் முறைப்படி ஒரு சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். "சார், விரலால போதும்" என்றார். "சரி, சொல்லிக் கொடுக்கிறவர் எங்க நிப்பார்? அவருக்கு பிரேக் எங்க இருக்கு?" என்று கேட்டேன். என் ஸ்கூல் காரில் சொல்லிக் கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டே! கடைக்காரர் என்னைப் பார்த்தார், உன் அக்காவைப் பார்த்தார். உன் அக்கா ஏதோ கிடார் வாங்க வந்தவள் மாதிரி அடுத்த அலமாரிக்கு நகர்ந்துவிட்டாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த மெஷினில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் இரண்டு பாட்டின் வேகமும் தானாக ஒன்றாகிவிடுமாம். எனக்கு வந்ததே கோபம். கியர் போடத் தெரியாதவனுக்கு ஆட்டோமேட்டிக் வண்டியைக் கொடுத்து அனுப்புகிற கதை இது. "முதல்ல கை பழகட்டுங்க. அப்புறம் காதால சேர்க்கக் கத்துக்கறேன்" என்றாள் உன் அக்கா. நான் ஒப்புக்கொள்ளவில்லை. கஷ்டமான வண்டியில் பழகினால்தான் எல்லா வண்டியும் ஓட்ட வரும் என்பது என் கொள்கை. விருந்துகளுக்கு மெஷின் வாடகைக்கு விட்டுவந்த ஒருவர் தொழிலை மூடுவதாகக் கேள்விப்பட்டு, அவரிடமிருந்து ஒரு பழைய பெரிய செட்டை வாங்கி வந்தேன். ஆள் அளவு கனம், எண்ண முடியாத திருகுகள், அந்தப் பொத்தான் மட்டும் கிடையாது. சாப்பாட்டு மேஜையைத் தவிர வேறு எதுவும் அதைத் தாங்காததால், அன்றிலிருந்து நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். நான் அதன் முன்பக்கத்தில் எல் போர்டு ஒட்டினேன். ஒரே துளையில் இரண்டு ஹெட்போன் சொருகுகிற மாதிரி ஒரு ஒயரும் வாங்கினேன், நானும் கூடவே கேட்க வேண்டுமே! ஒயர் குட்டை. அவள் வலப்பக்கம் திரும்பினால் நான் இழுபட்டுப் போவேன். நான் தும்மினால் அவள் ஹெட்போன் கழன்று விழும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் மனைவி பஸ்ஸில் போகிறாளே என்று நீகூட ஒருமுறை கேலி செய்தாய். கல்யாணமான புதிதில் நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். ஒரு நாள் நடுரோட்டில் வண்டியை நிறுத்தினாள், சாவியை என் மடியில் வைத்தாள், இறங்கி பஸ் ஏறிவிட்டாள். அவளுக்குப் பொறுமை போதாது. என் மேல் தப்பில்லை என்பதை இப்போதும் சொல்வேன்.

பல் டாக்டர் புதுக் கிளினிக் திறந்தார். அன்று மாலை சின்ன விருந்து. பழைய பாசத்தில் உன் அக்காவைப் பாட்டுப் போடக் கூப்பிட்டார். ஒத்திகை மாதிரி இருக்கும் என்று அந்தப் பெரிய செட்டோடு போனோம். உள்ளதைச் சொல்கிறேன், நன்றாகத்தான் போனது. டாக்டர் ஆடினார், செயற்கைப் பல் கட்டுகிற லேப்காரர் ஆடினார், அன்று காலையில்தான் பல் பிடுங்கிக்கொண்ட ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே ஆடினார். அப்போது உன் அக்கா அடுத்த பாட்டை உள்ளே கொண்டுவர ஆரம்பித்தாள். பக்கத்தில் ஹெட்போனோடு நின்ற என் காதில் அது வேகமாக வருகிற மாதிரி பட்டது. நான் யோசிக்கவே இல்லை, மச்சான். கை தானாகப் போய் மொத்தச் சத்தத்துக்கான நெம்புகோலைக் கீழே இழுத்துவிட்டது. ஒரே அமைதி. அத்தனை பேரும் தூக்கிய கை தூக்கியபடி நின்றார்கள். டாக்டரின் ஒரு கால் தரையிலேயே இல்லை. பிரேக் போட்டால் நிற்க வேண்டும், நின்றது. அந்த மட்டில் அது நல்ல மெஷின்தான்.

உன் அக்கா என் ஹெட்போன் ஒயரைப் பிடுங்கி என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, மறுபடி பாட்டைத் தொடங்கிக் கடைசி வரை போட்டாள். வீட்டுக்கு வந்ததும், "இனிமே என் பக்கத்துல யாரும் நிக்கக் கூடாது. கல்யாணத்துலயும் சரி, இங்கயும் சரி" என்றாள். மறுநாள் பெரிய செட்டை வந்த இடத்துக்கே அனுப்பிவிட்டு, பஸ்ஸில் போய் அந்தத் தட்டு மெஷினை வாங்கி வந்துவிட்டாள். அன்றிலிருந்து மாடி அறை உள்பக்கம் தாழ் போட்டிருக்கிறது. சாப்பிட மட்டும் இறங்கி வருகிறாள். பேசுகிறாள், ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி பேசுகிறாள்.

அதனால் கேட்கிறேன். பக்கத்தில் ஆள் இல்லாமல், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால், பொத்தானை நம்பி ஒரு பெண்பிள்ளை தனியாக நிற்பதா? நடுவில் பாட்டு நின்று போய் நாலு பேர் சிரித்துவிட்டால் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். நீ வேண்டாம் என்று சொல்லிவிடு. பழி உன் மேல் விழட்டும், தம்பி என்றால் மன்னித்துவிடுவாள்.

மணமக்கள் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டுக்கொண்டு, நீண்ட காலம் நிம்மதியாக வாழ என் மனமார்ந்த ஆசிகள். உன் மனைவிக்கு என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அத்தான்

பி.கு.: தபால்தலை உன் அக்கா அறையில் இருக்கிறது. கதவைத் தட்டினேன். "வந்ததுதான் வந்தீங்க, உள்ள வாங்க. கையைப் பின்னால கட்டிக்கங்க" என்றாள். கட்டிக்கொண்டேன். பாட்டுப் போட்டாள். எங்கே மாற்றப்போகிறாள், எங்கே தடுமாறப்போகிறாள் என்று காத்துக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, ஓடிக்கொண்டிருப்பது அடுத்த பாட்டு. எப்போது மாறியதென்றே எனக்குத் தெரியவில்லை. ஓடுகிற வண்டியில் கியர் மாறி நான் உணராமல் இருந்ததே கிடையாது. "பொத்தானை அழுத்தினியா?" என்றேன். "அதைத் தொட்டே ரொம்ப நாளாச்சு" என்றாள். "நல்லா இருக்கு" என்றேன். என் ஸ்கூலில் யாருக்கும் நான் அப்படிச் சொன்னதில்லை.

ஆகவே வேறு ஆளைப் பேசிவிடாதே. மேலே எழுதிய எதையும் படிக்கவும் வேண்டாம். கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் உறையில் உன் விலாசத்தை அவளே எழுதித் தபால்தலையும் ஒட்டிவிட்டாள். தம்பிக்கு வாழ்த்துக் கடிதம் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. கல்யாணத்தன்று என்னைக் கடைசி வரிசையில் உட்காரச் சொல்லிவிட்டாள். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. "அவ்வளவு தள்ளியா?" என்று கேட்டேன். "அங்க இருந்து நீங்களே எழுந்து ஆடுறீங்கன்னா, மண்டபம் மொத்தமும் ஆடுதுன்னு எனக்குத் தெரிஞ்சிடும்" என்றாள். எனக்கு ஆடத் தெரியாது, மச்சான். உன் பக்கம் சொல்லிக் கொடுக்கிறவர் யாராவது இருந்தால் உடனே எழுது. ஆள் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். நான் தப்பாகக் காலை வைத்தால் கத்தக் கூடாது.